ஏட்டுப் பலகாரத்தில் ஒரு சொல்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். சிகாமட் ரயில் நிலையத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கோணிச் சாக்கு. அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டி, சிமெண்டு மேடையில் ஒரு முழம் அளவுக்கு ஈரம் பரவியிருந்தது. ஈரத்தின் ஓரம் முழுக்க மரத்தூள் ஒட்டிக் கிடந்தது.

சாக்கின் பக்கத்தில் அங்கமுத்து குந்தியிருந்தார். உள்ளே இருந்த ஐஸ் கட்டியைச் சாக்கோடு சேர்த்துத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பாதி வழியிலேயே எறங்கிப் போயிருச்சுங்கய்யா. மீதியாச்சும் நம்ம கூட வருதான்னு பாப்போம்."

அங்கமுத்து, நான் சின்னக் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தின் பங்களாச் சமையல்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். தாய் தகப்பன் இல்லை. ஒரே தங்கை, காத்தாயி. அன்று மாலை அவளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கப்போகும் பலகாரத்துக்குத்தான் அந்த ஐஸ்.

மலாய் நாட்டில் ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பியனுப்பி, தோட்டங்கள் மெல்ல மூச்சுவிடத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. அது எந்த மாதம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் உறுதி. காற்றில் ஆற்றுச் சேற்றின் வாசனை இருந்ததும் நினைவிருக்கிறது.

வண்டியில் ஐஸை ஏற்றும்போது அங்கமுத்து தன் தோள் துண்டை எடுத்துச் சாக்கின் மேல் போர்த்தினார். வெயில் ஏறுவதற்குள் தோட்டம் சேர வேண்டும் என்றார். சேர்ந்துவிட்டோம்.

ஒரு கடிதம்

இந்தத் தொடரின் தொடக்கத்தில், நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதப் பழகிய நாட்களைச் சொல்லும்போது, சிகாமட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனதைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். என் செய்தி ஒன்றில் அச்சுக்கோப்பவர் செய்த பிழையால் அது நின்றது என்று எழுதினேன்.

போன மாதம் சிகாமட்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். அந்தச் செய்தியை வாசித்த ஞாயிற்றுக்கிழமை தாமும் மாப்பிள்ளை வீட்டுக் கடையில் இருந்ததாகச் சொல்கிறார். அவர் கேட்டிருப்பது ஒரே கேள்வி: "நெய் என்ற சொல் எப்படி ஐயா அப்படி மாறும்?"

மாறாது. நான் எழுதியது பொய். அதைத் திருத்துவதற்காகவே இந்த வாரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பலகாரம்

அதற்கு வெள்ளைக்காரர்களிடம் ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்தது. துரைசானி அதைச் சொல்லும்போது கடைசி எழுத்துகள் மூக்குக்குள் போய்விடும். அங்கமுத்து இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு ஏட்டுப் பலகாரம் என்று வைத்துக்கொண்டார்.

பொருத்தமான பெயர்தான். சுட்டெடுத்ததை நடுவில் உடைத்தால், பழைய ஓலைச்சுவடியைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல ஏடு ஏடாக இருக்கும். நடுவில் சாக்லெட், ஒரு விரல் கனத்தில், உருகியும் உருகாமலும் இருக்கும்.

வருடத்துக்கு இரண்டு முறைதான் செய்வார். கிறிஸ்துமஸுக்கு ஒன்று; துரைசானியின் பிறந்தநாளுக்கு ஒன்று. பங்களாவில் மிஞ்சியது ஒரு தட்டில் ஆபீசுக்கு வரும். நான் முதன்முதலில் சாக்லெட் தின்றது அப்படித்தான். மாயவரம் பக்கத்திலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கசப்பும் இனிப்பும் ஒரே வாயில் வந்ததும் கெட்டுப்போன பண்டம் என்று நினைத்தேன். அடுத்த வாய்க்குள் அந்த எண்ணம் மாறிவிட்டது.

பெரிய கிராணியார் அதைச் சாப்பிட்டதும் மேலெல்லாம் தூள் உதிரும். வேட்டியை உதறிவிட்டு, "தின்னது பாதி, உடுத்தினது பாதி," என்பார்.

ஏன் அதையே செய்தார்

மாப்பிள்ளை சுப்பையா. சிகாமட்டில் மளிகைக்கடை வைத்திருந்த சிதம்பரத்தின் ஒரே மகன். சிதம்பரம் சைவம், முருகன் கோயில் திருவிழாவை முன்னின்று நடத்துகிறவர். தோட்டத்தில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டும் பெண்ணை மகன் கேட்டது அவருக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. அவர் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. காத்தாயி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அண்ணனைத்தான் அவர் குறை சொன்னார்.

"தொரை வீட்டுக் குசினியில மாட்டுக்கறி அறுக்கிற கையி. அந்தக் கையால போட்ட சோத்தைத் தின்னு வளந்த பொண்ணு."

இந்த வார்த்தை எப்படியோ தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கமுத்து காதிலும் விழுந்தது. பரிசத்தன்று பலகாரம் தன் கையால்தான் செய்வது என்று முடிவு செய்தார். கடையில் வாங்கி வைத்திருந்தால் எந்தப் பேச்சும் இருந்திருக்காது என்று பலர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அந்தக் கை என்ன செய்யும் என்று அந்த அம்மாளுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

துரையும் துரைசானியும் அந்த வாரம் சிங்கப்பூரில் இருந்தார்கள். அடுப்பைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

ஆறு மடிப்பு

அன்று காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை நான் அந்தக் குசினியில் இருந்தேன். கையில் நோட்டுப் புத்தகம். சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு அப்போது நான் சிகாமட் நிருபர். சம்பளமில்லாத நிருபர். அங்கமுத்துவின் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டும் என்பது என் ஆசை மட்டும்தான். அவர் கேட்கவில்லை.

பங்களாவின் பாத்திரம் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. தகரத் தட்டுகள் புதியவை. உருளைக்கட்டை புதியது. ரொட்டி சுடும் இரும்பு அடுப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெறுமனே ஒரு மணி நேரம் விறகெரித்து ஆறவிட்டிருந்தார். மாவு தேய்க்கக் குளிர்ந்த கல் வேண்டும். விருந்தாளி அறையில் முகம் கழுவும் மேசையின் மேல் இருந்த சலவைக்கல்லைக் கழற்றி, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவிக் கொண்டுவந்து போட்டிருந்தார்.

மேலே பூச முட்டை கிடையாது, பால்தான். டின் வெண்ணெயும் கிடையாது. "கப்பல்ல வந்த சாமான். எவன் தொட்டதோ, என்னத்தைக் கலந்ததோ," என்றார்.

காத்தாயி கதவோரம் உட்கார்ந்து சாக்லெட் பாளத்தைக் கத்தியால் விரல் விரலாக நறுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்புக் கரை போட்ட பழைய புடவை. கை மட்டும்தான் வேலை செய்தது, வாய் ஓயவில்லை.

"அண்ணே, அவங்க வீட்டுல இனிப்பு கம்மியாத்தான் சாப்பிடுவாங்களாம்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அரிசி வாங்கப் போனப்ப கேட்டேன்."

"அரிசி வாங்கப் போனியா, விசாரணைக்குப் போனியா?"

"ரெண்டுக்கும் சேத்துத்தான் ஒரு நட." பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்னங்கய்யா எழுதுறீங்க? எங்கண்ணன் மாவு உருட்டுறதையா? நாங்க விடியக்காலையில மரம் வெட்டுறதை ஒருநா வந்து எழுதுங்க. கொசு எத்தனை கடிச்சிச்சின்னு எண்ணிப் போடுங்க."

அவள் சிரித்தபோது கத்தி நின்றது. அவளுக்குச் சுப்பையாவின் மேல் மனம் இருந்தது என்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

அங்கமுத்து ஒரு பீங்கான் சட்டியை ஐஸ் தண்ணீரில் இறக்கி, அதிலிருந்ததைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் மாவு தூவி மறுபடி அடித்தார். அது வெள்ளையாக, விறைப்பாக, வழுவழுப்பாக ஆனது. குனிந்து முகர்ந்தேன். குளிரில் வாசனை எதுவும் எழவில்லை.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"மிஞ்ஞா சாப்பி," என்றார். "மாவும் மிஞ்ஞா சாப்பியும் ஒரே குளிர்ல இருக்கணுங்கய்யா. ஒண்ணு சூடாயி ஒண்ணு குளுந்து கெடந்தா, புருசன் பொண்டாட்டி சண்டைதான். ஏடு பிரியாது, கிழியும்."

நான் எழுதிக்கொண்டேன்.

சின்ன வயதில் பத்து பாகாட்டில் ஒரு மலாய்க்காரரிடம் சமையல் கற்றவர் அவர். குசினிக்குள் நுழைந்துவிட்டால் பாதிப் பேச்சு மலாய்தான். வெளியே வந்தால் தமிழ். அவருக்கே அது தெரியாது.

மாவைத் தட்டி, அந்த வெள்ளைப் பாளத்தை நடுவில் வைத்து மூடினார். தேய்த்தார். மூன்றாக மடித்தார். ஓரத்தில் ஒரு விரலால் ஒரு குழி அழுத்தி, ஈரத்துணி போர்த்தி ஐஸ் மேல் வைத்தார். அரை மணி கழித்து எடுத்துத் தேய்த்து மடித்து, இரண்டு குழி. ஆறு குழி விழும்வரை அப்படியே. நடுவில் ஒரு முறை ஏதோ பேச்சில் கணக்கு விட்டுப்போய், நான் "மூன்று" என்றேன். அவர் துணியை விலக்கிக் குழியை எண்ணினார். நான்கு.

"எழுதி வச்சிருக்கிறதுக்கும் விரலு வச்சிருக்கிறதுக்கும் சண்டை வந்தா, நான் விரலைத்தான் நம்புவேன்," என்றார்.

இதையும் எழுதிக்கொண்டேன்.

மாலை ஐந்து மணி

தொண்ணூற்றாறு உருப்படிகள். வாழையிலை விரித்த மூங்கில் தட்டுகளில் அடுக்கி, லயத்து முன்னால் போட்ட பந்தலுக்குக் கொண்டு வந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர். வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். புடவைத் தட்டு காத்தாயி கைக்குப் போயிற்று. பிறகு பலகாரம். யாரும் முதலில் தொடவில்லை. எல்லாரும் சிதம்பரத்தின் மனைவியைப் பார்த்தார்கள்.

அங்கமுத்து அவர் முன்னால் போய் நின்றார். வெள்ளைச் சட்டை, இரண்டு கையும் முன்னால் கட்டி.

"மைதா, நெய்யி, சீனி, சாக்லெட்டு, பாலு. நெய்யி ஒங்க தெருப் பால்காரர் வீட்டு எருமை நெய்யி. வேற ஒண்ணும் இல்லைங்கம்மா. சட்டி முட்டி எல்லாம் புதுசு."

அந்த நேரத்தில் நான் பந்தலில் இல்லை. லயத்து மறுகோடியில் சின்னப் பையன்களை விலக்கி விருந்தாளிகளின் வண்டியை நிறுத்த இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து சொற்களைச் செய்தி அனுப்பிய பிறகுதான் நான் பிறர் சொல்லிக் கேட்டேன். ஒரு நிருபர் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நான் நிற்கவில்லை.

நான் வந்தபோது அந்த அம்மாள் இரண்டாவதை எடுத்துக்கொண்டிருந்தார். மடி முழுக்க உதிர்ந்த ஏடு.

"அலமாக்! இது என்னடி இது, வாயில வச்சதும் காணாமப் போவுது," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். சுப்பையா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். காத்தாயி கதவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள்.

கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் கழித்து நாள் குறித்தார்கள்.

மூங்கில் கழி

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருடம் ஆறு பெருகி ஊருக்குள் தண்ணீர் வந்தபோது, நான் ஒரு மூங்கில் கழியில் அங்குலம் அங்குலமாகக் கோடு கீறி எடுத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று தெரு நடந்து அளந்து செய்தி அனுப்பினேன். "ஏறக்குறைய" என்ற சொல்லே அந்தச் செய்தியில் இல்லை. ஆசிரியர் பாராட்டி ஓர் அட்டை எழுதினார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பல மாதம் திரிந்தேன்.

பரிசத்துக்கு மறுநாள் மாலை அறையில் உட்கார்ந்து செய்தியை எழுதினேன். அடியில் கரித்தாள் வைத்து நகல் எடுப்பது என் வழக்கம்.

"மிஞ்ஞா சாப்பி" என்று வந்த இடத்தில் பேனா நின்றது. தமிழ்ப் பத்திரிகையில் மலாய்ச் சொல் கூடாது என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம். கப்பலில் வரும்போது ஒரு சகபயணியிடம் கேட்டுக் கேட்டு எழுதிவைத்த சொற்பட்டியல் என்னிடம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மிஞ்ஞா என்றால் எண்ணெய். சாப்பி என்றால் மாடு. இரண்டும் தனித்தனி வரியில் இருந்தன.

நான் எழுதியது இது:

"கோதுமை மாவுடன் மாட்டெண்ணெயைச் சேர்த்து ஆறு முறை மடித்துத் திரு. அங்கமுத்து அவர்கள் தம் கையாலேயே தயாரித்த நூதனப் பலகாரத்தை மணமகன் வீட்டார் வெகுவாகச் சிலாகித்து உண்டனர்."

மீனிலிருந்து மீனெண்ணெய் வருவதுபோல மாட்டிலிருந்து ஏதோ டின்னில் வருகிறது என்று நினைத்தேனா? எதையும் நினைக்கவில்லை என்பதுதான் சரி. முட்டையைக்கூட விலக்கிய மனிதர் அப்படி ஒன்றைத் தொடுவாரா என்ற கேள்வி எழவில்லை. சொல்லுக்குச் சொல் போட்டேன். எண்ணெய், மாடு. சரியாக இருந்தது.

என் அறைக்கும் பங்களாக் குசினிக்கும் நடுவில் ஒரு பூச்செடி வேலியும் ஒரு கிணறும். நடந்தால் இரண்டு நிமிடம். குசினியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீரை அளக்க மூன்று தெரு நடந்தவன், ஒரு சொல்லைக் கேட்க அந்த இரண்டு நிமிடம் நடக்கவில்லை.

ஐரோப்பியரும் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் மலாய் பேசும் இந்த நாட்டில், பிற்பாடு முப்பது வருடம் பத்திரிகைத் தொழிலில் இருந்தேன். மிஞ்ஞா சாப்பி என்றால் நெய் என்று தெரியாத வேறு ஒருவரை நான் சந்தித்ததில்லை.

ஞாயிறு வாசிப்பு

சிதம்பரத்தின் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்திரிகை வாசிப்பார்கள். அரிசி மூட்டைகள் மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். வாசிப்பது தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர்; நல்ல குரல். என் செய்தி வந்த வாரம், அதைக் கேட்பதற்காகவே நான் போயிருந்தேன். அங்கமுத்துவையும் வரச் சொல்லியிருந்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

கடையில் கருவாடு கிடையாது. காய்ந்த மிளகாயும் மல்லியும் மணத்தன.

தபால்காரர் வாசித்தார். "சிகாமட் செய்திகள்" என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கமுத்துவின் பெயர் வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வரியில் வாசிப்பு நின்றது.

"மாட்டெண்ணெய்னு போட்டிருக்கு," என்றார் தபால்காரர்.

"அது என்னா எண்ணெய்?"

"மீனெண்ணெய்னா மீன்ல எடுக்கிறது. அப்ப இது..."

"கொழுப்பை உருக்கினா வரும்லா."

அரிசி மூட்டையிலிருந்து ஒருவர் எழுந்து வெளியே போய்த் துப்பினார். அவரும் பரிசத்துக்கு வந்திருந்தவர். உள்ளே தட்டியின் மறுபக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. சிதம்பரத்தின் மனைவி அங்கே இருந்திருக்கிறார்.

அங்கமுத்துவின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "நெய்யிங்க. நான் நெய்யின்னுதானே சொன்னேன்," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

சிதம்பரம் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். குரலை உயர்த்தாதவர். என் முன்னால் நின்று கேட்டார்:

"கிராணியாரே, மிஞ்ஞா சாப்பியத்தான் இப்பிடித் தமிழ்ல எழுதிட்டீங்களா? ஆமான்னா சொல்லிருங்க. ஊருக்குப் புதுசு, தெரியலைன்னு எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிருவாங்க. என் வீட்டுல நான் பேசிக்கிறேன்."

இதைவிட அகலமாக ஒரு கதவை ஒரு மனிதர் இன்னொருவருக்குத் திறந்துவிட முடியாது.

நான் அந்த ஏழெட்டுப் பேரைப் பார்த்தேன். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். வெள்ளத்தை அங்குலக் கணக்கில் எழுதிய நிருபருக்கு நெய்க்கு மலாய் தெரியாது. இந்தச் சிரிப்பு எத்தனை நாள் நீடித்திருக்கும்? ஒரு வாரம். எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்திருக்கும்.

"இல்லை," என்றேன். "நான் நெய் என்றுதான் எழுதினேன். அச்சுக்கோப்பவர் செய்த பிழை."

தபால்காரர்தான் பேசினார்.

"அச்சுல ஒரு எழுத்து மாறும், பாத்திருக்கேன். நெய்யிக்கு மாட்டெண்ணெய் எப்படிங்க வரும்?"

"நகல் வச்சிருப்பீங்களே," என்றார் சிதம்பரம். "அதைக் கொண்டாந்து காட்டுங்க, போதும்."

"இந்தத் தடவை நகல் எடுக்கவில்லை."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அங்கமுத்துவைப் பார்த்தார். என் பொய் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எதை மறைக்கும் பொய் என்று தெரியவில்லை. சமையல்காரரைக் காப்பாற்றுவதற்காக நான் மழுப்புகிறேன் என்று எடுத்துக்கொண்டார். அப்படியானால் அச்சில் இருப்பதுதான் உண்மை.

"சரி," என்றார். கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வரும் வழியில் அங்கமுத்து என்னைத் தேற்றினார். "அச்சுக் கோக்குற ஆளு செஞ்சதுக்கு நீங்க என்னங்கய்யா செய்வீங்க. மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

பால் கொட்டகை

மாப்பிள்ளை வீட்டார் புதன்கிழமை வந்து பரிசத் தட்டைத் திரும்ப வாங்கிப் போனார்கள். புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. சுப்பையா அந்த வாரம் முழுதும் கடையில் காணப்படவில்லை. மலாக்காவில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

வியாழக்கிழமை முற்பகல், கொட்டகையில் ரப்பர் பால் நிறுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் காத்தாயியின் முறை வந்தது. வாளியைத் தராசில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாது. அதுல என்ன போட்டிருக்குன்னு ஒருக்கா சொல்லுங்க."

மேசை இழுப்பறையில் பத்திரிகை இருந்தது. வாசித்தேன். அந்தச் சொல்லையும் வாசித்தேன்.

"அன்னிக்குக் குசினியில நானுந்தான் இருந்தேன்," என்றாள். "அண்ணன் மிஞ்ஞா சாப்பின்னு சொல்லிச்சு. நீங்க எழுதினீங்க. நான் பாத்தேன்." பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காத குரல். "நெய்யின்னு அண்ணன் ஒங்ககிட்டச் சொல்லவே இல்லை. அப்ப தெரியாம எழுதினது அச்சுக்கோக்குறவரா, நீங்களா?"

பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. அப்போதுகூடக் கடைக்குப் போயிருக்கலாம். நகலைக் காட்டியிருக்கலாம். என் கையெழுத்தில் இருந்த அந்த மொழிபெயர்ப்பே அவள் அண்ணனுக்குச் சாட்சி.

"அச்சுக்கோப்பவர்," என்றேன்.

"சரிங்கய்யா." வாளியைத் தராசில் வைத்தாள். நான் எடையைச் சொன்னேன். அவள் போனாள்.

இதை அவள் தன் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அந்த வருடமும் கிறிஸ்துமஸ் தட்டை ஆபீசுக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

பிற்சேர்க்கை

நான் ஆசிரியருக்கு எழுதி ஒரு திருத்தம் போடச் செய்தேன். மூன்று வாரம் கழித்து வந்தது. "நெய் என்று படித்துக்கொள்ளவும், அச்சுக்கோப்பில் நேர்ந்த பிழை." அதை யாரும் கடையில் வாசிக்கவில்லை.

சில வருடங்களில் தோட்ட வேலையை விட்டு அதே பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த அச்சுக்கோப்பவர் அங்கேதான் இருந்தார். மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். ஒரு நாள் டீ குடிக்கும்போது, "தம்பி, நான் இருக்கிறதைத்தான் கோப்பேன். சேத்துக் கோக்கிற பழக்கம் இல்லை," என்றார். டீயை முடித்துவிட்டு ஈய எழுத்துகளிடம் திரும்பிப் போனார். அவர் இறந்து பல வருடங்களாகின்றன. இந்தத் தொடரின் தொடக்கத்தில் பழியை மறுபடியும் அவர் மேலேயே போட்டேன்.

அங்கமுத்துவும் இல்லை. பங்களாவுக்கு வெளியே அவர் அந்தப் பலகாரத்தை மறுபடி செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

கரித்தாள் நகல் என்னிடம் இருக்கிறது. நீலம் மங்கிவிட்டது. ஆனாலும் படிக்கலாம்.

காத்தாயியின் கல்யாணம் மூன்று வருடம் கழித்துப் பத்து பாகாட்டில் நடந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம். எனக்கும் அழைப்பு வந்திருந்தது, போனேன். இலையில் பூந்தி வைத்தார்கள், கடையில் வாங்கியது.